பெரியம்மா பேர் வெட்டி அனுப்பிய டப்பா

1

வசந்தம் வந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். வெளியே போய்ப் பார்த்தால் சேறு. ஐந்து மாதம் கிடந்த பனி உருகி, மைதானமெல்லாம் நடவுக்கு உழுத வயல் மாதிரி சொதசொதவென்று கிடக்கிறது. இந்த அழகுக்குத்தான் ஊர்க்காரர்கள் அரைக்கால் சட்டை மாட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் கடை வாசலில் வரிசை கட்டுகிறார்கள். நான் இன்னும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. கழற்றுகிற உத்தேசமும் இல்லை.

கனடாவில், டொராண்டோவுக்கு மேற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிற சின்ன நகரம் எங்களுடையது. என் கணவர் மோசஸ் மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். அதே வேலையை இங்கே கூடுதல் சம்பளத்துக்கும் கூடுதல் குளிருக்கும் செய்கிறார். மகள் ஜாய்ஸுக்குப் பத்து வயது. அவளை ஐந்து வயதில் கூட்டிக்கொண்டு வந்தோம்.

இங்குள்ள நம்மவர்கள் ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறைகளைச் சனிக்கிழமைகளில் வாடகைக்குப் பிடித்துத் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். சம்பளம் கிடையாது, டீ மட்டும் உண்டு. நான் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். வருடா வருடம் இந்தச் சேற்றுக் காலத்தில் வசந்த விழா வைப்போம். காலையில் பாட்டு, பேச்சுப் போட்டி, பிள்ளைகள் வரைந்த படங்கள், செய்த மாதிரிகள் எல்லாம் வைத்த கண்காட்சி. மதியம் விளையாட்டு. விளையாட்டுக்குப் பொறுப்பு நான்தான், வேறு யார் மாட்டுவார்கள்? இந்த வருட விழா முடிந்து ஒரு வாரம் ஆகிறது. அதன் கதையைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் என் அக்கா ராணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டில் இருக்கிறாள். பால்வாடி டீச்சர். மாமா மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றின் பஸ்ஸை ஓட்டுகிறார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஜாய்ஸ் பிறந்ததும் நர்ஸம்மா முதலில் அக்கா கையில்தான் கொடுத்தாள். ஐந்து வயது வரைக்கும் என் வீட்டில் பாதி, அக்கா வீட்டில் பாதி என்று வளர்ந்தது குழந்தை. விமான நிலையத்தில் அக்கா கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. மோசஸ்தான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

அதே பெண் இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவது இவ்வளவுதான்: "ஹாய் பெரியம்மா. நல்லா இருக்கேன். சாப்ட்டேன். அம்மாகிட்ட குடுக்கறேன்." அக்கா கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே பதில்கள் போய்விடும். போன் என் கைக்கு வந்ததும் அக்கா சொல்வாள், "கொரலு கேட்டேன்ல, போதும்டி."

நேரில் போய் வரலாமே என்று கேட்பீர்கள். குடியுரிமைக்கு இத்தனை நாள் இந்த மண்ணிலேயே இருந்தாக வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. ஊருக்குப் போனால் அந்த நாட்கள் கழிந்துவிடும். ஒரு வருடம் விண்ணப்பத்தில் ஒரு தாள் குறைகிறது என்றார்கள். மறு வருடம் போட்டோ அளவு சரியில்லை, காது தெரியவில்லை என்றார்கள். என் காதைப் பார்த்து இவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இப்படியே ஐந்து வருடம் ஓடிவிட்டது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஜாய்ஸ் ஒரு தரமாவது தானாகப் பெரியம்மாவோடு பேச வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

2

விழாவுக்கு முன் பெற்றோர் கூட்டம் நடந்தது. ஓடுகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி ரிப்பன் கொடுத்துவிடலாம், முதலாவது இரண்டாவது என்று பிரித்தால் பிள்ளைகள் மனசு நொந்துவிடும் என்றார் ஒருவர். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப எதுக்கு ஓடணும்? எல்லாரும் நடந்தே வந்து வாங்கிக்கட்டுமே?" என்றேன்.

அரை மணி நேரம் வாதாடி ஒரு சலுகை வாங்கினேன். சின்னப் பிள்ளைகளுக்கு ரிப்பன். பெரிய பிள்ளைகளின் ஓட்டத்துக்கு மட்டும் மூன்று பரிசு, மூன்றே மூன்று. அதோடு வாயை மூடியிருக்கலாம். "பரிசு எவர்சில்வர் பாத்திரம், எங்க ஊர்லேர்ந்து நானே வரவழைக்கிறேன்" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, மோசஸுக்குத் தெரிந்த ஒருவர் அப்போது சென்னையிலிருந்து திரும்புவதாக இருந்தார்.

அந்த ஞாயிறு அக்காவிடம் சொன்னேன். "ஸ்கூல்ல ஸ்போர்ட்ஸுக்கா. மூடி போட்ட பெரிய டப்பா ஒண்ணு, தூக்கு ஒண்ணு, டம்ளர் ஒண்ணு வாங்கணும்."

"ஆரு ஓடறது?"

"பெரிய பசங்கதான். நம்ம ஜாய்ஸும் ஓடும்."

"ஜாய்ஸு ஓடுதா! அத்த மொதல்ல சொல்லமாட்ட?"

அவ்வளவுதான் பேசினோம். நம்ம ஜாய்ஸ் ஓடுகிற லட்சணம் எனக்குத் தெரியும். "ஓடறேம்மா. ஆனா ஸ்லோவா ஓடுவேன், சரியா?" என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுவிட்டிருந்தாள். அதை அக்காவிடம் சொல்ல மனசு வரவில்லை.

3

நான் படித்தது செய்யூருக்குப் பக்கத்தில், கடற்கரை ஓரத்துப் பள்ளிக்கூடத்தில். அங்கே வசந்தம் என்று தனியாக எதுவும் கிடையாது. மாசி பிறந்தால் வெயில் ஏறும், வேர்க்கடலை பிடுங்குவார்கள், பள்ளியில் விளையாட்டு விழா வரும். சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டுவோம். சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டால் கடல் காற்று பாதியைக் கொண்டுபோய்விடும். மைக் செட்டுக்காரர் காலை ஏழு மணிக்கே பாட்டு போட்டு ஊரையே எழுப்பிவிடுவார்.

எங்கள் கண்ணெல்லாம் மேடையில் இருக்கிற மேஜை மேல்தான். தலைமையாசிரியர் செங்கல்பட்டுப் பாத்திரக் கடையிலிருந்து பஸ்ஸில் சாக்கு கட்டிக் கொண்டுவந்த பரிசுகள் அங்கே அடுக்கியிருக்கும். எல்லாம் எவர்சில்வர். டப்பா, தூக்கு, கிண்ணம், டம்ளர், சோப்பு டப்பா. வெயில் பட்டுக் கண் கூசும். ஜெயித்தவர் பெயரைக் கடைக்காரர் பிறகு வெட்டிக் கொடுப்பார். கரகரவென்று சத்தம் போடும் ஊசியால் புள்ளி புள்ளியாக, பெயர், போட்டி, வருடம் எல்லாம்.

என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் வீட்டில் அதுவரை அலுமினியமும் மண்சட்டியும்தான். எவர்சில்வர் நுழைந்தது என் காலால்தான் என்று நான் பெருமையாகவே சொல்வேன். நான் நன்றாக ஓடுவேன். தாண்டுவேன். வட்டாரப் போட்டிக்குச் செங்கல்பட்டு வரை போய் ஜெயித்திருக்கிறேன். பத்தாவது முடிப்பதற்குள் அம்மா சமையல் மூலையில் ஒரு பலகையே என் பாத்திரத்தால் நிரம்பிவிட்டது. அப்பா நீளம் தாண்டுதலில் காபி குடிப்பார், நானூறு மீட்டரில் உப்பு கிடக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அக்காவுக்குக் கல்யாணம் கூடியது. சீர் வைக்க வேண்டும். அம்மா யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலகையிலிருந்து என் பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கி, புளி போட்டுத் துலக்கி, கூடையில் அடுக்கினாள். எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் வீட்டுச் சீர் பளபளவென்று இருந்ததே, அது போதும்.

சர்ச்சில் தாலி கட்டி முடிந்ததும் சீரைப் பரப்பினார்கள். மாமாவின் அத்தை ஒருத்தி டப்பாவைக் கையில் எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். முகம் மாறிவிட்டது.

"இன்னா இது, எஸ்தருன்னு போட்டுகீது? பொண்ணு பேரு ராணின்னுதான சொன்னீங்க? வேற பொண்ண மாத்தி வுட்டீங்களா?"

அக்கா தலையில் முக்காடோடு உட்கார்ந்தபடியே சத்தமாகச் சொன்னாள்: "எஸ்தரு என் தங்கச்சி. ஓடி வாங்கனது. உங்கூட்ல யாரனா ஓடி வாங்கிகீறாங்களா, எடுத்துகினு வாங்க பாப்போம்."

கல்யாணப் பெண் பேசுகிற பேச்சா இது? அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. ஆனால் மாமா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு எல்லாம் சரியாகப் போயிற்று.

அக்காவும் என்னோடு அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். எட்டாவதோடு நின்று அம்மாவோடு நடவுக்குப் போனாள். பிறகு தபாலில் பத்தாவது எழுதிப் பாஸ் பண்ணித்தான் பால்வாடி வேலைக்கு வந்தாள். இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்த ஆட்கள். இங்கே இந்தப் பஞ்சு மெத்தையில் புரண்டு படுக்கும்போது சில நாள் கை அவளைத் தேடுகிறது. என்ன எழுதி என்ன, அக்காவைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

4

விழாவுக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் சென்னை நண்பர் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். டொராண்டோ விமான நிலையத்தில் அதிகாரி டப்பாவைத் திறந்து, மூடி, தட்டிப் பார்த்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாராம். "பேரு" என்றாராம் இவர். பாத்திரத்துக்குப் பெயர் வைக்கிற ஆட்களா நீங்கள் என்பதுபோல் பார்த்துவிட்டு விட்டுவிட்டாராம்.

எனக்கு அப்போதே பகீரென்றது. பேரா? பழைய லுங்கியில் சுற்றியிருந்ததைப் பிரித்தேன். அழகான டப்பா. மூடிக்குக் கீழே, புள்ளி புள்ளியாக: 'மோ. ஜாய்ஸ். ஓட்டப்பந்தயம் முதல் பரிசு. அன்புடன் பெரியம்மா, பெரியப்பா.'

நாளைக்குத்தான் ஓட்டமே. நான் தலையில் கை வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊரில் அப்போது விடிகாலை. பரவாயில்லை என்று கூப்பிட்டேன்.

"அக்கா, இன்னாக்கா செஞ்சு வெச்சிருக்க? அது ஸ்கூல் பரிசு. ஜெயிக்கிற பிள்ளைக்குக் குடுக்கறது."

"அதான், ஜெயிக்கிற புள்ள பேர போட்டுகீறேன்."

"இன்னும் ஓடவே இல்லக்கா!"

"கடைக்காரரு பேரு இன்னா போடணும்னு கேட்டாரு. பேரில்லாத பாத்திரத்த யாராவது தூக்கினு வருவாங்களா? நீ பெத்த பொண்ணு. ஓட்டத்துல ஒன்ன ஜெயிச்சவங்க யாரு? அதும் அந்தக் காலுதான?"

"ஜெயிக்கலன்னா?"

"வாயக் கழுவு. ரெண்டாவது, மூணாவதுல நான் பேரு போடலியே. அது யாரு வருவாங்கன்னு எனக்கின்னா தெரியும்?"

நான் போனை வைத்துவிட்டேன்.

மோசஸ் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பஃபிங் மெஷின்ல தேய்ச்சா எழுத்து போயிடும். டப்பாவும் போயிடும்," என்றார். பிறகு, "ஜாய்ஸ் ஜெயிச்சிட்டா பேஜாரே இல்ல."

"ஜெயிச்சாத்தான் பேஜார். டீச்சர் தன் பொண்ணு பேர முன்னாடியே வெட்டி வெச்சிட்டான்னு ஊரே சிரிக்கும்."

வீட்டிலிருந்து வேறு பாத்திரம் கொடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். எங்கள் வீட்டில் பெயர் இல்லாத பாத்திரமே கிடையாது. ஒவ்வொன்றும் கல்யாணத்துக்கு வந்தது. சித்தப்பா அன்பளிப்பு, தொழிற்சாலை நண்பர்கள் அன்பளிப்பு. நம்ம சாமான் விற்கிற கடை டொராண்டோவில், அதுவும் மூடியிருக்கும்.

இதற்குள் ஜாய்ஸ் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு விரலை ஓட்டி எழுத்துக்கூட்டினாள். தமிழ்ப் பள்ளியில் நான்கு வருடமாகப் படிக்கிறாளே, அதன் பலன் இப்படியா வர வேண்டும்?

"ஏம்மா, பெரியம்மா நான் ஓடிப் பாத்ததே இல்லையே?"

"இல்ல."

"அப்பறம் எப்படி நான்தான் ஃபர்ஸ்ட்னு எழுதினாங்க?"

"அவங்க அப்படித்தான்டி."

அவள் டப்பாவை மேஜை மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வாசல் பக்கம் உட்கார்ந்து ஓடுகிற ஷூவின் கயிற்றை அவிழ்த்து, புதிதாகக் கோத்துக்கொண்டிருந்தாள்.

5

காலையில் மழை இல்லை. பள்ளிக்கூடத்துக் காவலாளி வந்து புல்லைப் பூட்ஸ் காலால் மிதித்துப் பார்த்து ஓடலாம் என்றால்தான் ஓடலாம். கல்வி வாரியத்தின் விதி. அவர் நான்கு இடத்தில் மிதித்துவிட்டு, போகட்டும் என்பதுபோல் கையை ஆட்டினார்.

காலை நிகழ்ச்சிகள் நன்றாகவே போயின. பிள்ளைகள் தமிழில் பேசினார்கள். பாதி மறந்தார்கள், தாய்மார்கள் முதல் வரிசையிலிருந்து உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு பையன் களிமண்ணில் மாமல்லபுரத்துத் தேர்களைச் செய்து வைத்திருந்தான். அவன் மாமல்லபுரத்தைப் பார்த்ததே இல்லை. நான் அந்தப் பாறையடியில் உட்கார்ந்து எத்தனையோ தரம் கட்டுச்சோறு சாப்பிட்டிருக்கிறேன்.

மதியம் பெரிய பிள்ளைகளின் ஓட்டம். மைதானத்தை ஒரு சுற்று. ஜாய்ஸ் கோட்டில் நின்ற நிலையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இன்றைக்கு இவள் மெதுவாக ஓடப்போவதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையையே பார்த்தாள். நான் விசிலை வாயில் வைத்தேன். டீச்சர் நடுநிலையாக இருக்க வேண்டும். என் நெஞ்சு எங்கே நடுநிலையாக இருந்தது?

ஓடினாள். என் மகள் இப்படி ஓடி நான் பார்த்ததில்லை. முதல் வளைவில் மூன்றாவதாக இருந்தாள். பாதிச் சுற்றில் இரண்டாவது. "ஓடுடி!" என்று கத்திவிட்டேன், விசில் கீழே விழுந்தது. கடைசி வளைவில் மூச்சு வாங்கி வேகம் குறைந்தது. பழக்கமில்லாத கால் எவ்வளவுதான் தாங்கும்? ஒருத்தி தாண்டினாள், இன்னொருவன் தாண்டினான். ஜாய்ஸ் நான்காவதாக வந்தாள்.

மூன்றே மூன்று பரிசு என்று சண்டை போட்டு வாங்கியவள் நான். என் பெண்ணுக்கு ஒரு ரிப்பன்கூட இல்லை.

முதலாவதாக வந்தவள் துளசி, யாழ்ப்பாணத்துக் குடும்பம், நல்ல உயரம். பரிசு கொடுக்கும்போது நான் மைக்கிலேயே நடந்ததைச் சொல்லிவிட்டேன், மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துளசியின் அம்மா வசந்தி மட்டும் சிரிக்கவில்லை. டப்பாவைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், பெரியம்மா ஆசையா வெட்டி அனுப்பினது. பிள்ளையின்ர பேர் கிடக்கு. நீங்களே வச்சிருங்கோ, துளசிக்கு வேறென்னவும் குடுக்கலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற ஜாய்ஸ் சொன்னாள்: "இல்ல ஆன்ட்டி. துளசிதான் ஃபர்ஸ்ட் வந்தா. அது துளசியோடது."

சொல்லிவிட்டுக் கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தாள். வண்டியில் ஏறினதும் அழுதாள். என்னிடம் காட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

6

மறுநாள் ஞாயிறு. போன் கார்டில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. எண்களை அழுத்துவதற்கு முன் ஜாய்ஸிடம் மெல்லச் சொன்னேன். "பெரியம்மா கேட்டா ஜெயிச்சேன்னு சொல்லிடு கண்ணு. அவங்களுக்குச் சந்தோஷமா இருக்கும். அவங்க வந்தா பாக்கப் போறாங்க?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். போனை வாங்கி, நான் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டாள்.

அக்கா எடுத்ததும் எடுக்காததுமாக, "இன்னா கண்ணு, ஜெயிச்சியா?"

"இல்ல பெரியம்மா. நான் ஃபோர்த். டப்பா துளசிக்குப் போயிடுச்சு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இந்தப் பெண் இனி போன் பக்கமே வரமாட்டாள், அக்கா இனி எதையும் ஆசையாக வாங்கமாட்டாள் என்றெல்லாம் அந்த இரண்டு நொடியில் என் மனசுக்குள் ஓடிவிட்டது.

"அந்தப் பொண்ணு நல்லா ஓடிச்சா?"

"ம். அவ கால் ரொம்ப நீளம்."

"நீ ஓடினியா?"

"ஓடினேன். ஃபுல்லா ஓடினேன். உங்க எழுத்தப் பாத்துட்டு ஓடினேன்." ஜாய்ஸின் குரல் உடைந்தது. "சாரி பெரியம்மா. என் பேரு வேஸ்ட் ஆயிடுச்சு."

"அடச்சீ, பைத்தியமே! அழுவாத. பேரு போட்டா இன்னா? எங்கூட்ல பூரா ஒங்கம்மா பேருதான் கீது. பதினஞ்சு வருசமா அதுலதான் துன்னுகினு கீறோம். நான் ஒருநாளும் போட்டில ஓடனதில்ல கண்ணு, ஒரு டம்ளர்ல கூட எம்பேரு கெடையாது."

ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், தமிழ்ப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்த தமிழில் கேட்டாள்:

"பெரியம்மா, தாங்கள் ஏன் ஓடவில்லை?"

அக்கா சிரிக்கவில்லை. "அதுவா," என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "ஒங்கம்மா பக்கத்துல கீறாளா?" என்றாள்.

ஜாய்ஸ் என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரை அணைத்தாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு, மாடிப்படியில் ஏறிப் பாதியில் உட்கார்ந்தாள்.

எனக்குக் கேட்டதெல்லாம் அவள் பக்கம் மட்டும்தான். "ம்." "எந்த ஸ்கூல்?" "ஐயோ, அப்பறம்?" "மண்லயா? ஷூ இல்லாமயா?" "அம்மாவ விடவா!" ஒரு தரம் கலகலவென்று சிரித்தாள். ஒரு தரம் வெகுநேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா ஓடுவாளா? என்னைவிட வேகமாகவா? ஒரே பாயில் படுத்தவள் எனக்குத் தெரியாமல் எப்போது ஓடினாள்? நான் படிக்கடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன், என் முறை வரும் என்று. வாரம் முழுக்க அக்காவிடம் சொல்ல எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன்.

"ஹலோ? பெரியம்மா? ஹலோ?"

கார்டு தீர்ந்துவிட்டது.

"என்னடி சொன்னா எங்க அக்கா?" என்றேன்.

"இன்னும் முடியலம்மா. பாதியிலதான் கட் ஆச்சு." அவள் படியிறங்கி வந்து, சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த மோசஸை உலுக்கினாள். "அப்பா, எழுந்திருங்க. கார்டு வாங்கிட்டு வாங்க. பெரிய கார்டு."

நான் அவள் பின்னாலேயே போனேன். எனக்கும் இரண்டு நிமிஷம் மிச்சம் வை என்று கேட்டேன்.

"பாக்கறேன்மா," என்றாள் ஜாய்ஸ்.